முதியோர் இல்லத்துக்கு ஊழியம் செய்ய வருகிற சபைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய குருவானவர்களுக்கும், சேகரக் கமிட்டியாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமாருக்கும், வாலிபர் சங்கத்துத் தம்பி தங்கைகளுக்கும் ஸ்தோத்திரம்.

நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாகச் சேர்ந்து இப்போது பொறுப்பாளராக இருக்கிறவள். இல்லத்தின் பெயரை எழுதவில்லை. எழுதினால் நாளைக்குக் காலையிலேயே "எங்க சபையைத்தான் சொல்றீங்களா சிஸ்டர்" என்று போன் வரும். யாரோ ஒருவரைக் குறிவைத்து எழுதவில்லை, உங்கள் எல்லாரையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், அதனால் யாரும் தனியாகக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஆபீஸில் வருகைப் பதிவேடு ஒன்று இருக்கிறது. டிசம்பர் மாதத்துப் பக்கங்களைப் புரட்டினால் எழுத இடமே இருக்காது. காலையில் ஒரு சபை, மத்தியானம் ஒரு காலேஜ், சாயங்காலம் ஒரு கேரல் குழு, ஒரே நாளில் மூன்று கேக். புது வருஷம் பிறந்து ஒரு வாரம் வரை இந்த ஓட்டம் இருக்கும். அப்புறம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒன்றிரண்டு குழு, அன்னையர் தினத்துக்கு ஒரு குழு, யாராவது பிறந்தநாளுக்கோ நினைவுநாளுக்கோ சாப்பாடு கொடுக்க வந்தால் ஒரு ஜெபம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் பக்கங்களில் டாக்டர் கையெழுத்தும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையன் கையெழுத்தும்தான் இருக்கும்.

நன்றி கெட்டுப்போய் எழுதவில்லை. நீங்கள் கொண்டுவருகிற அரிசி, பெட்ஷீட், பெரியவர்களுக்கான டயப்பர் இதெல்லாம் இல்லாமல் எங்கள் இல்லம் ஒரு மாதம்கூட நகராது, அது எனக்கு நன்றாகத் தெரியும். கொடுக்கிறதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்து போகிற விதத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

ஒரு "ப்ரோகிராம்" எங்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். நாலு மணிக்கு வருகிறோம் என்பீர்கள். மூன்றரைக்கே ஆயாக்கள் எல்லாரையும் முகம் கழுவி, உடுப்பு மாற்றி, ஹாலில் கொண்டுவந்து உட்காரவைப்பார்கள். படுக்கையை விட்டு வீல்சேருக்கு மாற்றவே ஒருவருக்கு இரண்டு ஆள் வேண்டும். நீங்கள் வேன் கிடைத்து, கீபோர்டு ஏற்றி, வழியில் பழம் வாங்கி வந்து சேரும்போது மணி ஐந்தரை. இரண்டு மணி நேரமாக உட்கார்ந்திருக்கிற எண்பது வயது அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போயிருக்கும், பாத்ரூம் போக வேண்டும் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு அடக்கிக்கொண்டிருப்பார். அந்த நேரத்தில் ஸ்பீக்கர் செட் பண்ணி "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" ஆரம்பிக்கும்.

ஸ்பீக்கரைப் பற்றியே கொஞ்சம் சொல்ல வேண்டும். காது கேட்காதவர்கள்தானே, சத்தத்தைக் கூட்டு என்று நினைக்கிறீர்கள். வயதானால் வருகிற காது மந்தம் பெரும்பாலும் அப்படிப்பட்டது இல்லை. சத்தம் கேட்கும், சொல் பிரியாது. சத்தத்தைக் கூட்டக் கூட்ட காது வலிக்குமே தவிர ஒரு வார்த்தையும் தெளியாது. காதில் மெஷின் வைத்திருக்கிறவர்களுக்கோ டிரம் பேடும் நாற்காலி இழுக்கிற சத்தமும் பிரசங்கமும் எல்லாம் ஒரே கூச்சலாகச் சேர்ந்துபோகும், அதனால் நீங்கள் உள்ளே வந்ததும் அவர்கள் முதலில் செய்வது அந்த மெஷினைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்வதுதான். எதிரில் உட்கார்ந்து, முகத்தில் வெளிச்சம் விழுகிற மாதிரி, நிதானமாகப் பேசினால் மைக்கே வேண்டாம்.

அப்புறம் நேரம். மறதி நோய் இருக்கிறவர்களில் பலருக்குப் பொழுது சாய்கிற நேரம்தான் ரொம்ப மோசமான நேரம். பகலெல்லாம் அமைதியாக இருந்தவர் ஆறு மணிக்கு மேல் "வீட்டுக்குப் போகணும், மாட்டைக் கட்டணும்" என்று கதவைத் தட்ட ஆரம்பிப்பார். சரியாக அந்த நேரத்தில் சிவப்பு அங்கியும் பஞ்சுத் தாடியும் வைத்த கிறிஸ்மஸ் தாத்தா டான்ஸ் ஆடிக்கொண்டு உள்ளே வந்தால் அவருக்கு எப்படி இருக்கும்? நீங்கள் போன பிறகு அன்றைக்கு ராத்திரி முழுக்க எங்கள் ஆட்கள் தூங்க முடியாது. கேரல் வர வேண்டாம் என்று சொல்லவில்லை, காலை பத்து மணிக்கு வாருங்கள் என்கிறேன். ராத்திரியில் போனால்தான் கேரல் என்று எந்த வேதத்திலும் இல்லை.

கேக் விஷயமும் அப்படித்தான். பாதிப் பேருக்குச் சர்க்கரை. அதைக்கூட ஒரு நாள்தானே என்று விடலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு விழுங்குவதிலேயே கஷ்டம் இருக்கும், உதிர்கிற காய்ந்த கேக்கை ஒரு தங்கச்சி பாசமாக வாயில் ஊட்டிவிட, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விட்டால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். ஊட்டுவதற்கு முன்னால் ஆயாவை ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதெல்லாம் தெரியாமல் செய்கிற காரியம், சொன்னால் திருந்திவிடும். போட்டோ அப்படி இல்லை. ஆறடி ஃப்ளெக்ஸ் கட்டி, அதில் சபையின் பெயர், கமிட்டி உறுப்பினர் படம், அதற்கு முன்னால் ஒரு அம்மாவை நிறுத்தி, நைட்டியின் ஒரு முனையை அவர் கையிலும் மறு முனையைச் செயலாளர் கையிலும் பிடிக்கவைத்து, "பாட்டி இங்க பாருங்க, சிரிங்க" என்று சொல்லி எடுக்கிறீர்களே, அந்த அம்மா முப்பது வருஷம் மிஷன் ஸ்கூலில் வாத்தியார் வேலை பார்த்தவர். உங்கள் செயலாளரின் அப்பாவுக்கே அவர் பாடம் நடத்தியிருக்கலாம். வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்றவர் பிறந்தநாளுக்குத்தான் இத்தனை போட்டோவும்.

ஒரு போட்டோவால் நடந்ததைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி மாற்றித்தான் சொல்கிறேன். எங்களிடம் இருந்த ஒரு அம்மாவின் மகள், தன் சம்பந்தி வீட்டில், அம்மா சென்னையில் தம்பியோடு இருக்கிறாள் என்று சொல்லிவைத்திருந்தாள். சரியோ தப்போ, அது அவர்கள் குடும்ப விஷயம். ஒரு சபைக் குழு வந்து போன அன்று ராத்திரியே அந்த அம்மா கையில் பழப்பையோடு நிற்கிற படம் வாட்ஸ்அப் குரூப் குரூப்பாகச் சுற்றி, மறுநாள் காலையில் சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. மகள் போனில் அழுத அழுகையை விடுங்கள். அந்த அம்மா அதற்கப்புறம் ஹாலுக்கே வரவில்லை. யார் ஜெபம் பண்ண வந்தாலும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு ஆத்துமாவையாவது ஆதாயப்படுத்த வேண்டும் என்று அடிக்கடி சொல்வீர்கள், இந்தக் கணக்கை எந்தப் பக்கம் எழுதுவது என்று யோசித்துப் பாருங்கள்.

பிரசங்கத்துக்கு வருகிறேன். எங்கள் ஹாலில் நான் கேட்ட செய்திகளை இரண்டே வகையாகப் பிரித்துவிடலாம். ஒன்று, மனந்திரும்புங்கள், நாள் சமீபம், எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது. ஐயா, அது அவர்களுக்குத் தெரியும். பக்கத்துக் கட்டில் காலியானதைப் பார்த்துக்கொண்டுதான் காலைக் காபி குடிக்கிறார்கள். இரண்டாவது வகை, பெற்ற பிள்ளைகள் கைவிட்டாலும் கர்த்தர் கைவிட மாட்டார். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லாரையும் பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற மகன் மாதா மாதம் பணம் அனுப்பிவிட்டு வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோ கால் பண்ணுகிறான். இன்னொருவருடைய மகளுக்கே அறுபது தாண்டிவிட்டது, முழங்கால் தேய்ந்து, தன்னைத் தூக்கவே ஆள் தேடுகிறாள், தொண்ணூறு வயது அம்மாவை எப்படித் தூக்குவாள்? கல்யாணமே ஆகாதவர்கள் இருக்கிறார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயது தாண்டியவர்கள், இன்றைக்கு இன்னும் கூடியிருக்கும். வீட்டுக்கு ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையும் பெங்களூரிலோ துபாயிலோ. இதைப் பாவம் என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. போன வருஷம் ஒரு தம்பி, வயது இருபத்தைந்து இருக்கும், கண்ணீர் விட்டுப் பிள்ளைகளைத் திட்டிப் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு அம்மா வாக்கரைத் தட்டிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். "என் மகன் யாருன்னு நெனச்சுப் பேசுதான் இந்தப் பய" என்று வராந்தாவில் என்னிடம் சத்தம் போட்டார். எனக்கு அவர் பேரில் மரியாதை கூடியது.

நிஜமாகவே கைவிடப்பட்டவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களுக்குப் பிரசங்கத்தைவிட உதவுகிற வழி இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் என்று 2007-இல் ஒன்று வந்தது. சொத்தை எழுதி வாங்கிக்கொண்டு கவனிக்காமல் விட்ட பிள்ளைகள் மேல் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனு கொடுக்கலாம். பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்கவும் அதில் வழி உண்டு. 14567 என்று மூத்த குடிமக்களுக்கான இலவச உதவி எண் இருக்கிறது. உங்கள் சபையில் வக்கீல் இருப்பார், ரிட்டையர்டு தாசில்தார் இருப்பார். அவர்களில் ஒருவர் ஒரு மத்தியானம் வந்து உட்கார்ந்து நாலு பேர் கதையைக் கேட்டு ஒரு மனு எழுதிக்கொடுத்தால் அதுவும் ஊழியம்தான். பெரும்பாலான பெற்றோர் மனு கொடுக்கச் சம்மதிக்க மாட்டார்கள், "என் புள்ளைய நானே கோர்ட்டுக்கு இழுக்கவா" என்பார்கள். அப்போது குருவானவர் அந்த மகனை ஒரு தடவை நேரில் பார்த்துப் பேசலாமே. அவன் உங்கள் சபையிலேயே முன் வரிசையில் உட்கார்ந்திருக்கக்கூடும், கமிட்டியிலேயே இருக்கவும் கூடும். அதனால்தான் யாரும் பேசுவதில்லை என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சுகமளிக்கிற ஜெபம் பண்ணுகிறவர்களுக்கு ஒன்று. ஜெபியுங்கள், தாராளமாக ஜெபியுங்கள், நானும் ஜெபிக்கிறவள்தான். ஆனால் பார்க்கின்சன் நோயில் கை நடுங்குகிற ஒருவரைப் பிடித்து "விசுவாசம் இருந்தால் எழுந்து நட" என்று இழுக்காதீர்கள். அவர் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் பல பேருக்கு அதோடு படுக்கைதான். நடக்கவில்லை என்றால் விசுவாசம் போதவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டு கிடப்பது இன்னும் கொடுமை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர்களை நான் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவேன், அதில் பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது சிலருக்குப் பிடிக்காது. எங்கள் இல்லத்தை நடத்துவது கிறிஸ்தவ டிரஸ்ட், ஆனால் இருக்கிறவர்கள் எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. காலையில் எழுந்ததும் திருநீறு பூசிக்கொள்கிற ஐயா இருக்கிறார், ஐந்து வேளையும் கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுகிற ஒரு உம்மா இருக்கிறார். போக வேறு இடம் இல்லாமல் நம்மிடம் வந்தவர்கள். சோறும் படுக்கையும் நம் கையில் இருக்கும்போது "கண்ணை மூடுங்க, கையை உயர்த்துங்க, இயேசுவை ஏத்துக்கிறீங்களா" என்று கேட்டால் அவர்களால் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? பயத்தில் தலையாட்டுகிறதை அறுவடைக் கணக்கில் சேர்த்து ரிப்போர்ட் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊழியம் என்றால் இதுதான் என்று நம்புகிறவர்களோடு நான் வாதாட வரவில்லை. எங்கள் வாசலுக்குள் அது வேண்டாம், அவ்வளவுதான். அந்த ஐயாவுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றால் அவர் கண்ணாடி உடைந்து மாதக் கணக்காகிறது, கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். அவராக இயேசுவைப் பற்றிக் கேட்டால் சொல்லுங்கள், கேட்காவிட்டால் பேப்பர் படித்துக் காட்டுங்கள்.

பிரான்சில் ஜான் ஜுகன் என்று ஒரு பெண் இருந்தார். வீட்டு வேலை செய்து பிழைத்தவர். 1839-இல் குளிர்காலத்தில், கண் தெரியாத, பக்கவாதம் வந்த ஒரு விதவைக் கிழவியைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, தன் கட்டிலைக் கொடுத்துவிட்டுத் தான் வேறு இடத்தில் படுத்துக்கொண்டார். அவ்வளவுதான் ஆரம்பம். அதிலிருந்து உண்டான 'ஏழைகளின் சிறிய சகோதரிகள்' என்கிற கன்னியாஸ்திரீகள் சபைதான் இன்றைக்குப் பல நாடுகளில் முதியோர் இல்லங்கள் நடத்துகிறது. பெங்களூர் ஓசூர் ரோட்டிலும் அவர்களுடைய இல்லம் இருக்கிறது. சந்தைக்குப் போய்க் கூடை நீட்டி வாங்கிவந்து பெரியவர்களுக்குச் சமைத்துப் போடுகிறவர்கள். நமக்கு அவர்கள் கத்தோலிக்கர், அதனால் பிரசங்கத்தில் சொல்ல மாட்டோம். அந்த அம்மாவின் கதையில் எனக்கு மறக்காத பகுதி வேறு. பிற்பாடு ஒரு குருவானவர் நிர்வாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு அவரை ஓரங்கட்டிவிட்டார். கடைசி 27 வருஷமும் சபையின் தலைமை மடத்திலேயே ஒரு மூலையில் இருந்தார். புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு இந்தக் கிழவிதான் சபையை ஆரம்பித்தவர் என்றே தெரியாது. 1879-இல் 86 வயதில் இறந்தார், 2009-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். நீங்கள் "பாட்டி" என்று கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போகிறவர்களில் யார் யார் எந்தச் சபையைக் கட்டினவர்கள், எந்தக் கிராமத்தில் ஓலைக் கூரையின் கீழ் ஓய்வுநாள் பள்ளி நடத்தினவர்கள் என்று விசாரித்ததுண்டா? முதலில் பெயரைக் கேளுங்கள்.

நல்லபடியாக வருகிறவர்களும் உண்டு. மின்வாரியத்தில் வேலை பார்த்து ரிட்டையர் ஆன ஒரு அண்ணாச்சி வாரா வாரம் செவ்வாய்க்கிழமை சைக்கிளில் வருவார். பையில் ஒரு நகவெட்டி, ஒரு சின்ன டப்பா தேங்காய் எண்ணெய், அன்றைக்குத் தினத்தந்தி. எந்தச் சபை என்று அவர் சொன்னதும் இல்லை, நாங்கள் கேட்டதும் இல்லை, பெந்தெகொஸ்தே என்று ஆயாக்கள் பேசிக்கொள்வார்கள். ஆண்கள் வார்டில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒருவர் காலை வெதுவெதுப்பான தண்ணீரில் நனையவைத்து, நகம் ஊறுகிற வரைக்கும் பேப்பர் படிப்பார். சர்க்கரை நோயாளி காலில் நகம் வெட்டுவது சாதாரண வேலை இல்லை, கொஞ்சம் சதை கிழிந்தாலும் புண்ணாகிவிடும். அதை என்னிடம் கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார், யாருக்கு வெட்டலாம், யாருக்கு டாக்டர்தான் வெட்ட வேண்டும் என்று இப்போது அவருக்கே தெரியும். கடைசியில் எண்ணெய் தடவிவிட்டு, "ஜெபிக்கட்டுமா" என்று கேட்பார். சிலர் சரி என்பார்கள், சிலர் அடுத்த வாரம் பார்க்கலாம் என்பார்கள். வேண்டாம் என்றவர் பக்கத்திலும் அதே அளவு நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் எழுந்திருப்பார். செவ்வாய்க்கிழமை காலையில் ஆண்கள் வார்டில் எல்லாரும் சொல்லாமலே முகச்சவரம் பண்ணிக்கொண்டு இருப்பதை நீங்கள் வந்து பார்க்க வேண்டும்.

பாட்டைப் பற்றியும் நல்லதாக ஒன்று சொல்லிவிடுகிறேன், குறை மட்டும் சொன்னால் அது நியாயம் இல்லை. மறதி நோயில் மகள் பெயரே நினைவில்லாத ஒரு அம்மா இருந்தார். பேச்சு ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. ஒரு நாள் கீபோர்டு இல்லாமல், ஸ்பீக்கர் இல்லாமல், இரண்டு பெண்கள் அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பாமாலைப் பாட்டு ஒன்றை மெதுவாகப் பாடினார்கள். இரண்டாவது சரணத்தில் இந்த அம்மா வாய் திறந்தார். ராகத்தை அல்ல, அதற்குக் கீழே பெண்கள் தாழ்ந்த குரலில் சேர்ந்து பாடுகிற ஆல்ட்டோவைப் பாடினார். ஒரு காலத்தில் கொயரில் ஆல்ட்டோ பாடினவராம். நாலு சரணமும் வார்த்தை பிசகாமல் வந்தது. இது அற்புதம் என்று சாட்சி சொல்லிவிடாதீர்கள். மறதி நோயில் மற்ற நினைவுகள் போன பிறகும் சின்ன வயதில் பாடிப் பழகின பாட்டு தங்குவது அடிக்கடி நடக்கிறதுதான். அதனால்தான் சொல்கிறேன், போன மாதம் யூட்யூபில் வந்த பாட்டைக் கைதட்டிப் பாடாதீர்கள், அவர்கள் வாலிபத்தில் பாடின கீர்த்தனையையும் பாமாலையையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இரண்டு பேர் போதும், கொயர் முழுக்க வேண்டாம்.

இரண்டு பேர், அதே இரண்டு பேர், மாதம் இரண்டு தடவையாவது. நான் கேட்பது இவ்வளவுதான். பக்கத்தில் கேரளாவில் 1993-இல் கோழிக்கோடு மெடிக்கல் காலேஜில் டாக்டர் ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் வலி நிவாரணத்துக்கு என்று ஒரு சின்னச் சங்கம் ஆரம்பித்தார்கள். பிறகு அது தெருவுக்குத் தெரு பரவியது, டாக்டர்களால் மட்டும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், டீச்சர், கடைக்காரர் என்று சாதாரண ஆட்கள் பயிற்சி எடுத்துக்கொண்டு தங்கள் பக்கத்து வீடுகளில் படுத்திருக்கிறவர்களை முறை வைத்துப் போய்ப் பார்த்தார்கள். 2008-இல் மாநில அரசே அதைக் கொள்கையாக்கியது. அவர்கள் செய்ததில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது, தேர்ந்தெடுத்த சில பேர், முதலில் பயிற்சி, அப்புறம் தவறாமல் போவது. நம் சபைகளில் ஒன்றுக்குப் பத்துச் சங்கம் இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை ஐம்பது பேர் வேனில் வருவதற்குப் பதிலாக, அந்த ஐம்பது பேரில் ஆறு பேரைத் தேர்ந்து அனுப்புங்கள். வீல்சேர் தள்ளுவது, சாப்பாடு ஊட்டுவது, படுக்கைப்புண் எப்படி வருகிறது, இதெல்லாம் ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தால் நானே சொல்லித்தருவேன்.

வாலிபர் சங்கத்துத் தம்பிகளுக்கு வேலை நிறைய இருக்கிறது, பாட்டு ஒன்றும் பாட வேண்டாம். முதியோர் உதவித்தொகை 2023-இல் ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆனது. அது வருகிறவர்களில் சிலருக்கு விரல்ரேகை தேய்ந்துபோய் மெஷினில் பதியாது, வங்கிக்கு அலைய வேண்டியிருக்கும். பென்ஷன்காரர்களுக்கு, உயிரோடு இருக்கிறார்கள் என்று காட்டுகிற ஜீவன் பிரமாண் சான்று போடும் மாதம் வந்தால் எனக்குத் தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போல இருக்கும், இப்போது போனில் முகத்தைக் காட்டியே அதைச் செய்துவிடலாம், உங்களுக்கு அது ஐந்து நிமிஷ வேலை. அப்புறம், வீடியோ கால் பண்ணத் தெரியாதவர்களுக்கு பேரன் பேத்தியைக் கூப்பிட்டுக் கொடுங்கள். அந்த நேரத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நீங்கள் வேறு பக்கம் பார்த்தால் போதும்.

அவர்களிடமிருந்து வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள். எப்போதும் நீங்களே கொடுத்து, நீங்களே ஜெபித்து, நீங்களே போனால் அவர்களுக்கு என்ன மிச்சம்? ஆலயத்தில் இராப்பகலாய் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்த அன்னாள் என்கிற விதவையைப் பற்றி லூக்கா தன் சுவிசேஷத்தில் எழுதும்போது எண்பத்துநாலு வயது என்று கணக்கோடு எழுதுகிறார். எங்களிடம் விடிகாலை மூன்று மணிக்கே தூக்கம் போய்விட்ட அன்னாள்கள் பலர் இருக்கிறார்கள். உங்கள் சபையில் பிளஸ் டூ பரீட்சை எழுதுகிற பிள்ளைகளின் பெயரை, ஆபரேஷனுக்குப் போகிறவர்களின் பெயரை, பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். ரிசல்ட் வந்ததும் அந்தப் பிள்ளையையே மிட்டாயோடு அனுப்புங்கள். வேண்டுதல் செய்கிற வேலை தங்களுக்கு இருக்கிறது என்று தெரிந்தால் அவர்கள் நிமிர்ந்து உட்காருவதே தனியாகத் தெரியும்.

கடைசியாகக் கமிட்டியாருக்கு, மனதில் ரொம்ப நாளாக இருக்கிற விஷயம். எங்களிடம் இருக்கிற சிலர் நாற்பது, ஐம்பது வருஷம் ஊர்ச் சபைக்கு அங்கத்தினர் சந்தாவான சங்கக் காணிக்கை கட்டினவர்கள். இல்லத்துக்கு வந்ததும் கட்ட ஆள் இல்லை, பாக்கி விழுந்துவிட்டது, பெயர் பட்டியலிலிருந்து போய்விட்டது. இங்கே பக்கத்தில் இருக்கிற சபைக்கோ இவர்கள் வெளியூர்க்காரர்கள். இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்கள். நற்கருணை கொடுக்கப் போவது எந்தச் சபைக் குருவானவர் என்று தெரியாமல், பண்டிகைக்குப் பண்டிகைதான் கிடைக்கிறது. இறந்துபோனால் இன்னும் சிக்கல். ஒரு முறை அடக்கத்துக்காக ஊர்ச் சபைக்குப் போன் பண்ணினபோது பாக்கியைக் கட்டினால்தான் கல்லறைத் தோட்டத்தில் இடம் என்று பதில் வந்தது. ஐஸ் பெட்டி வாடகை ஓடிக்கொண்டிருக்க, மகன் வெளிநாட்டில் டிக்கெட் தேடிக்கொண்டிருக்க, நான் ரசீதுப் புத்தகக்காரரிடம் பேரம் பேசிக்கொண்டு நின்றேன். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன்.

வேதத்தில் அப்போஸ்தலர் ஆறாம் அதிகாரத்தை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். அன்றாட விசாரணையில், அதாவது சாப்பாடு பங்கிடுவதில், தங்கள் விதவைகள் கவனிக்கப்படவில்லை என்று முறுமுறுப்பு வந்ததால்தான் ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். சபையில் முதன்முதலாகக் கமிட்டி போட்டதே விதவைப் பொம்பளைகள் சாப்பாட்டு விஷயத்துக்காகத்தான் என்பது, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஃப்ளெக்ஸ் வைத்து அணி பிரிந்து நிற்கிறவர்களுக்கு ஞாபகம் இருந்தால் நன்றாக இருக்கும்.

எனவே என் கோரிக்கை இதுதான். முதியோர் இல்லத்துக்குப் போனவர்களின் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்காதீர்கள், அவர்கள் பாக்கியைச் சபையே ஏற்றுக்கொள்ளட்டும், தொகை ஒன்றும் பெரிதில்லை. வெளியூர்க்காரர்களை இல்லம் இருக்கிற வட்டாரத்துச் சேகரம் தன் அங்கத்தினராக எழுதிக்கொள்ளட்டும். மாதம் ஒருமுறை நற்கருணை கட்டிலுக்கே வரட்டும், அப்பம் விழுங்க முடியாதவர்களுக்கு திராட்சரசத்தில் நனைத்து ஒரு துளி கொடுத்தால் போதும், எப்படி என்று நான் காட்டுகிறேன். யாரார் எந்த ஊர், எந்தச் சபை, எப்போது திடப்படுத்தல் பெற்றுச் சபையின் முழு அங்கத்தினர் ஆனார்கள், தங்கள் அடக்கம் எங்கே நடக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள் என்பதையெல்லாம் அவர்களிடமே கேட்டு, அவர்கள் சம்மதத்தோடு ஒரு நோட்டில் எழுதி ஆபீஸ் பீரோவில் வைத்திருக்கிறேன். குருவானவர் யாராவது நேரில் வந்து, உட்கார்ந்து, படித்துப் பார்க்க வேண்டும் என்றால் தாராளமாகத் தருவேன். மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை எல்லாரும் படுத்திருப்பார்கள், அந்த நேரம் தவிர எப்போதும் வரலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள், அனுப்ப மாட்டேன்.